சொத்தை மல்லாட்டை

ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று பதினோராம் வகுப்புப் பெண்கள் நாற்பத்திரண்டு பேரையும் கை தூக்க வைத்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அன்றைய பாடம் மேடைப்பேச்சு. நல்ல பேச்சாளருக்கு இருக்க வேண்டிய பண்புகள் யாவை என்று ஒரு கேள்வி, அதற்கு ஐந்து வரி விடை. கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் நான் தமிழாசிரியை மட்டும் இல்லை, திருவண்ணாமலையைச் சுற்றியிருக்கிற ஊர்களின் திருவிழாக்களில் பட்டிமன்றம் பேசுகிறவள். ஒரு வாரம் கூட்டுக்குடும்பமே சிறந்தது என்று பேசிக் கைதட்டல் வாங்குவேன். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் தனிக்குடும்பமே சிறந்தது என்று பேசி அதைவிட ஜாஸ்தி வாங்குவேன். "இன்னைக்கு எந்தப் பக்கம்னு காலையிலயே சொல்லிடும்மா, அதுக்கேத்த மாதிரி நடந்துக்கறேன்" என்பார் வீட்டுக்காரர். அப்படிப்பட்டவளிடம் மேடைப்பேச்சுப் பாடத்தைக் கொடுத்தால் சும்மா விடுவேனா?

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி கிரிக்கெட் ஆடப் போகிறான், நீங்கள் என்ன செய்கிறீர்கள், பாத்திரம் தேய்க்கிறீர்கள் என்று தொடங்கினேன். நாலு பேர் முகம் மாறியது. ஊரில் இருக்கிற தனியார் பள்ளி எல்லாம் ஞாயிறும் நடக்கிறது, நாம் மட்டும் இளக்காரமா என்றேன். போன வருஷம் ஒரு பெண் ஞாயிறு தோறும் பள்ளிக்கு வந்து படித்தாள், அவள்தான் முதல் மதிப்பெண் என்றேன். கடைசியில் குரலை இறக்கி, "ஒன்னு ஞாயித்துக்கிழமையும் புத்தகம், இல்லன்னா வாழ்நாள் முழுக்கப் பாத்திரம். எது வேணும் கண்ணுங்களா?" என்று கேட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தேன். வகுப்பு முழுக்கக் கை எழுந்தது. பின் வரிசையில் ஒருத்தி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.

"அடிப் பாவிங்களா!" என்றேன். "இருந்த ஒரு லீவையும் என் கையில தூக்கிக் குடுத்துட்டீங்களேடி!"

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு கூச்சல். "மிஸ், நீங்கதான மிஸ் சொன்னீங்க!" "நீங்க அழுதீங்களே மிஸ்!" பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் மேசையைத் தட்டி, "நான் சொன்னதுல எங்கெங்க ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிங்க, லீவைத் திருப்பித் தரேன்" என்றேன்.

லீவுக்காக அவர்கள் தேடிய தேடல் இருக்கிறதே, பொதுத்தேர்வுக்குக்கூட அப்படி யாரும் மூளையைக் கசக்கியதில்லை. புத்தகம், பாத்திரம் என்று இரண்டே வழி காட்டினீர்கள், நடுவில் எவ்வளவு இருக்கிறது என்றாள் ஒருத்தி. மற்ற பள்ளியில் நடந்தால் நமக்கென்ன என்றாள் இன்னொருத்தி. ஜன்னலோரத்தில் மூன்றாவது பெஞ்சில் இருந்த அடி அண்ணாமலை ஊர்ப் பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "அந்த அக்கா ஞாயித்துக்கிழமை வந்தாங்க, ஃபர்ஸ்ட் மார்க் எடுத்தாங்க. ரெண்டும் நடந்துச்சு மிஸ். ஆனா வந்ததாலதான் எடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்? காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா இருக்கலாம் இல்ல?" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவள் பக்கத்தில் இருந்தவள் கீழ்பென்னாத்தூர்ப் பெண், அவளுடைய உயிர்த்தோழி. இந்தப் பெண்ணுக்கு எப்போதும் வாய் அசைந்துகொண்டே இருக்கும். வீட்டில் வேர்க்கடலை போட்டிருந்தார்கள், எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. பையில் ஒரு பொட்டலம் இல்லாமல் பள்ளிக்கு வரமாட்டாள். அன்றும் பெஞ்சுக்கடியில் 'டப்பு' என்று ஒரு சத்தம் வந்தது. "என்னடி அங்க?" என்றேன். எழுந்து நின்று, உடைத்த மல்லாட்டையைக் கையில் காட்டினாள். ஓடு நல்ல கொழுகொழுவென்று இருந்தது. உள்ளே பருப்பு சுருங்கிக் கறுத்துப் போயிருந்தது.

"சொத்தை மிஸ்" என்றாள். "நீங்க பேசினதும் இப்படித்தான் இருந்துச்சு."

வகுப்பே அதிர்ந்தது. கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் எத்தனையோ மேடையில் நடுவர்கள் என் பேச்சைப் பற்றி நீட்டி முழக்கிச் சொன்னதைவிட அது சரியாக இருந்தது, என்ன செய்ய?

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் வந்தது. வாரம் ஒருத்தி முன்னால் வந்து எதையாவது நம்ப வைக்கப் பேச வேண்டும். காரணத்தில் ஓட்டை தெரிந்தால், கேட்பவள் ஒரு மல்லாட்டையை உடைத்து "சொத்தை!" என்று சொல்ல வேண்டும். ஏன் சொத்தை என்று விளக்கத் தெரிந்தால் பருப்பு அவளுக்கு. பேச்சு முழுக்க ஓட்டையே இல்லை என்றால், கேட்டவர்கள் உடைத்துப் பருப்பைப் பேசினவள் கையில் கொடுக்க வேண்டும். மல்லாட்டை கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தது. ஓடுகளைக் கூட்டுகிற வேலை எல்லோருக்கும் பொது. அந்த வருஷம் பேசி, பருப்பைக் கையில் வாங்கினவர்கள் ரொம்பக் கம்மி. நானும் பேசினேன், ஒருமுறைகூட வாங்கவில்லை.

பிடித்துக்கொண்டார்களய்யா! செங்கம் சாலையில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு வந்தாள் ஒருத்தி. 'மலை தெரியும் மனைகள்' என்று போட்டிருந்தது. "மிஸ், நம்ம ஊர்ல எங்க நின்னா மலை தெரியாது?" என்றாள். ஆசிரமத்துப் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர், வெளிநாட்டுக்காரர்களே இங்கேதான் தங்குகிறார்கள் என்று பலகை வைத்திருந்தாராம். "வெளிநாட்டுக்காரங்க தங்கினா மூட்டைப்பூச்சி கடிக்காதா மிஸ்?" என்று கேட்டாள் வேறொருத்தி. வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் உடைத்து உடைத்துப் போட்டார்கள். ஒரு அம்மா பள்ளிக்கே வந்துவிட்டார். "டீச்சர், எதிர்வூட்டுப் பொண்ணு அஞ்சு மணிக்கு எழுந்து கோலம் போடுதுடின்னு சொன்னா, சொத்தைன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கறா. இன்னா பாடம் நடத்தறீங்க நீங்க?" என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாடத்திட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

எல்லோரிலும் கெட்டிக்காரி அந்த ஜன்னலோரத்துக்காரிதான். யாராவது பேசத் தொடங்கினால் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்வாள். மற்றவர்கள் பேச்சு முடிந்த பிறகு யோசிப்பார்கள். இவள் பேச்சின் நடுவிலேயே, ஓட்டை வரப்போகிற இடத்துக்கு முன்னாலேயே விரலிடுக்கில் மல்லாட்டையைத் தயாராக வைத்திருப்பாள். இந்தக் காது இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது நான் கேட்டேனா? இல்லை. எல்லாம் என் பாடத்தின் மகிமை என்று நினைத்துக்கொண்டு குளிர்ந்து போயிருந்தேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தது. "கிரிவலப் பாதை முழுக்கப் பேச்சுதான். சாயங்காலம் போங்க, ஆளுக்கொரு வியாபாரி பேசறத அப்படியே எழுதிட்டு வாங்க, திங்கக்கிழமை உடைச்சுப் பாக்கலாம்" என்றேன். வகுப்பே குதித்தது. இவள் மட்டும் மணி அடித்த பிறகு மேசைக்கு வந்தாள்.

"மிஸ், நான் வேற ஏதாவது எழுதிட்டு வரட்டுமா?"

"ஏன்டி? மத்தவங்க பஸ் ஏறி வரணும். உனக்கு உங்க ஊர் வழியாவே ஜனம் போகுது. நோகாம நோன்பு கும்பிடலாம்னு பாக்கறியா?"

ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சரி மிஸ்" என்று போய்விட்டாள். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்குத்தான் பேசத் தெரிந்த அளவுக்குக் கேட்கத் தெரியாதே.

திங்கட்கிழமை ஜன்னலோரம் காலியாக இருந்தது. செவ்வாய்க்கிழமையும் காலி. கீழ்பென்னாத்தூர்க்காரியின் வாய் அசையவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். கொட்டிவிட்டாள்.

ஜன்னலோரப் பெண்ணின் அப்பா கிரிவலப் பாதையில் மூட்டு வலி எண்ணெய் விற்கிறவர். நொச்சியும் வாதநாராயணன் தழையும் போட்டு வீட்டிலேயே காய்ச்சுவது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் துணி விரித்துப் பேசினால் சுற்றிலும் கூட்டம் நிற்கும். பெண்தான் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பாள், சின்ன வயசிலிருந்தே. அன்றைக்கு இந்தத் தோழியும் நோட்டோடு போய் உட்கார்ந்திருக்கிறாள். இருவரும் மல்லாட்டை தின்றுகொண்டே எழுதியிருக்கிறார்கள்.

"அவங்கப்பா சூப்பரா பேசினாரு மிஸ். போன பௌர்ணமிக்கு ஒரு அம்மா கம்பு ஊனிக்கினு வந்தாங்க, நம்ம எண்ணெயத் தேச்சாங்க, இந்த பௌர்ணமிக்குக் கம்பத் தூக்கிப் போட்டுட்டு பதினாலு கிலோமீட்டரும் நடக்கறாங்கன்னாரு. ஜனம் அப்படியே வாயப் பொளந்துக்கினு கேக்குது. அப்போ இவ டப்புன்னு மல்லாட்டைய ஒடச்சு, சொத்தைன்னு கத்திட்டா மிஸ். அவ வேணும்னு சொல்லல. பழக்க தோஷத்துல வாய் வந்துடுச்சு."

"ஐயையோ! அப்புறம்?"

"எல்லாரும் சிரிச்சிட்டாங்க. ஒருத்தர் கையில எடுத்த பாட்டில கீழ வெச்சிட்டுப் போயிட்டாரு. கூட்டம் கலஞ்சிடுச்சு. அவங்கப்பா எழுந்துட்டாரு மிஸ். துணிய மடிச்சிட்டாரு."

பெற்ற பெண்ணே கூட்டத்தின் நடுவில் மானத்தை வாங்கினால் எந்த அப்பன் சும்மா இருப்பான்? படித்தது போதும் என்று நிறுத்திவிட்டார், வேறென்ன? அதுவும் யாரால்? என்னால். என் மல்லாட்டையால். பள்ளி விட்டதும் வண்டியை எடுத்தேன். அடி அண்ணாமலை போய்ச் சேருகிற வரைக்கும் ஹெல்மெட்டுக்குள்ளேயே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். அப்பனாவது ஆத்தாவாவது, என் பேச்சில் கரையாத ஆள் உண்டா என்று ஒரு திமிர் வேறு.

வீடு ஊருக்குப் பின்பக்கம் இருந்தது. முன்னால் சாக்கு விரித்து, கழுவின பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவளுடைய அப்பா ஒல்லியான மனிதர், தழை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் மனைவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. டீ போடச் சொல்றேன்."

"டீயெல்லாம் இருக்கட்டும்ணா" என்றேன். மேடை ஏறின பிறகு நான் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணா, உங்க கோவம் நியாயம்தான். ஆனா ஒன்னு நெனச்சுப் பாருங்க. உங்க பொண்ணு படிச்சா பெரிய ஆளா வருவா, இல்லன்னா காலம் முழுக்க அடுப்பங்கரைதான். இதுல எது வேணும் உங்களுக்கு?"

வீட்டுக்குள்ளிருந்து 'டப்பு' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் கவனிக்கவில்லை.

"இன்னைக்கு ஊர்ல எல்லாரும் பொண்ணுங்களப் படிக்க வைக்கறாங்க. உங்க தெருவுலயே பாருங்க."

டப்பு.

"எங்கிட்ட படிச்ச ஒரு பொண்ணு, அவங்கப்பாவும் இதே மாதிரிதான் நிறுத்தப் பாத்தாரு. நான் போய்ப் பேசினேன். இன்னைக்கு அவ கவர்மென்ட் ஆபீசர். அந்தப் பொண்ண நெனச்சா எனக்கு..." என்று கண்ணாடியைக் கழற்றினேன்.

டப்பு, டப்பு என்று இரண்டு சேர்ந்தாற்போல் வந்தது.

அவர் நிதானமாகத் திரும்பி வீட்டைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க பேசப் பேச உள்ள மல்லாட்டை ஒடையுதே, இன்னா அது?" என்றார்.

என் காது சூடாகிவிட்டது. கண்ணாடியை எந்தப் பக்கம் மாட்டுவது என்றுகூடத் தெரியவில்லை. சட்னிக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த முறத்தோடு அவள் கதவுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் உதட்டோரம் துடித்தது.

"ரெண்டே வழி காட்டினீங்க மிஸ். அப்புறம் ஊரே செய்யுதுன்னீங்க. அப்புறம் காக்கா பனம்பழம். கடைசியா கண்ணீர்" என்றாள்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்கக் குலுங்க, கையில் இருந்த தழையெல்லாம் சிந்த. "அட! டீச்சருக்கும் உண்டா? எனக்கு மட்டும்தான்னு நெனச்சு மூணு நாளா நான் தூங்கலயே!" என்றார். நானும் சிரித்துவிட்டேன். வேறு வழி?

சிரித்து முடித்ததும் அவர் கேட்டார்: "ஆமா டீச்சர், நான் எங்க அவள நிறுத்தினேன்?"

"நீங்க நிறுத்தலயா?"

"நான் ஏன் நிறுத்தறேன்? அவதான் போமாட்டேன்னு உக்காந்துக்கினு இருக்கறா. நான் கெஞ்சிப் பாத்துட்டேன்."

அந்தப் பெண் சனிக்கிழமை கத்தினாள், திங்கட்கிழமை வரவில்லை, ஆகவே அப்பா நிறுத்திவிட்டார். வராந்தாவிலிருந்து ஹெல்மெட் வரைக்கும் நான் கட்டி எழுப்பின கோட்டை முழுக்கச் சொத்தை. காக்கையும் நானே, பனம்பழமும் நானே. இதை அவள் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மிஸ், எங்கப்பா பேசினா எனக்குச் சின்ன வயசுலேந்து அவ்ளோ புடிக்கும்" என்றாள். "கூட்டத்துல எல்லாரும் எண்ணெயப் பாப்பாங்க, நான் அவர் வாயத்தான் பாப்பேன். இப்போ அவர் வாயத் தொறந்தா எனக்குச் சொத்த மட்டும்தான் கேக்குது. நீங்க பழக்கி வுட்ட காது மிஸ் இது. கழட்டி வெக்க முடியல. எங்கப்பாவ விட எனக்கு இது பெருசு இல்ல. நான் வர்ல."

ஒரு பெண்ணுக்கு அவளுடைய அப்பாவைக் கேட்கும் சந்தோஷத்தை நான் கெடுத்துவிட்டேனே என்று முறத்தில் இருந்த ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடுவில் போய் நின்றார். "எங்க, இங்க வந்து உக்காரு. நான் முழுசாப் பேசறேன். எத்தினி சொத்தைன்னு எனக்கும் தெரியணும் இல்ல" என்றார்.

"வேணாம்ப்பா."

"உக்காருன்றேன். அன்னிக்கு ஒன்னோட நிறுத்திட்டே. வியாபாரத்துல பாதியில நிறுத்தக் கூடாது."

பேசினார். அடேயப்பா! என்னை மாதிரி நூறு பேரை விழுங்கி ஏப்பம் விடுவார். நடந்தவர்களுக்குத்தான் கால் வலி தெரியும், கால் வலித்தவர்களுக்குத்தான் அண்ணாமலையார் தெரியும் என்று எடுத்த எடுப்பிலேயே ஆளைக் கட்டிப் போட்டார். சித்தர்கள் காலத்து எண்ணெய் என்றார். அவள் தயங்கித் தயங்கி ஒன்றை உடைத்தாள். "பழசுன்னா நல்லதுன்னு அர்த்தமாப்பா?" என்றாள். "சரி, பருப்பு உனக்கு" என்றார். எங்கள் சட்டத்தை அதற்குள் பிடித்துக்கொண்டுவிட்டார். டாக்டரே வாங்கிப் போனார் என்றார். "யார் அந்த டாக்டர்?" என்றாள். "மாட்டு டாக்டர்" என்றார். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அப்பாவுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஓடு குவிந்துகொண்டே போனது.

கடைசியில் அந்தக் கம்பு ஊன்றின அம்மா வந்தார். அவள் மல்லாட்டையை எடுத்தாள். உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்படி ஒரு அம்மாவே இல்ல இல்லப்பா?" என்றாள் மெதுவாக.

அவர் பேச்சை நிறுத்தினார். "இருக்கறாங்க" என்றார். "உங்கம்மாதான்."

நாங்கள் மூன்று பேரும் அந்த அம்மாளைப் பார்த்தோம். அவர் பாட்டில்களைச் சாக்கில் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார், வெட்கத்தில் நிமிரவில்லை. "முட்டி வலின்னு எழுந்திரிக்க முடியாமக் கெடந்தேன் இல்ல, அப்போ" என்றார்.

"அம்மா எங்க கம்பு ஊனினாங்க?" என்றாள் மகள்.

"கம்பு மட்டும் நான் சேத்தது" என்றார் அப்பா. "பொண்டாட்டின்னு சொன்னா எவன் நம்புவான்? அதான் யாரோ ஒரு அம்மான்னேன்."

"எண்ணெயாலயா போச்சு?" என்றார் அந்த அம்மாள், யாரையும் பார்க்காமல். "தெனம் படுக்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் ஒக்காந்து தேச்சு வுட்டாரே, அதாலதான் போச்சு."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பழக்க தோஷம் போகுமா, டப்பென்று கையில் இருந்ததை உடைத்தாள். "அதுவும் காக்கா பனம்பழம்தாம்மா! தானாக்கூடப் போயிருக்கலாம் இல்ல?"

நாலு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்தார். டீ வந்தது. இந்த முறை குடித்தேன். கிளம்பும்போது நாளைக்கு வா என்றுகூட நான் சொல்லவில்லை. மறுநாள் காலை ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாய் அசைந்துகொண்டிருந்தது.

அடுத்த பௌர்ணமிக்கு நான் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு வெயில் தாழ்ந்ததும் நடக்கப் போனேன். நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா என்ன பேசப்போகிறார் என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அவ்வளவுதான். அடி அண்ணாமலை வரும்போது எதிர்பார்த்ததைவிட ஜாஸ்தியாகவே கூட்டம் நின்றது. பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பொட்டலம். அம்மா பின்னால் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தார். தழைவாசம் பாதி வழி வரைக்கும் வந்தது.

அவர் சித்தர்களைச் சொல்லவில்லை, டாக்டரையும் சொல்லவில்லை. குரல் மட்டும் அதே குரல்.

"ஒரு அம்மாவுக்கு முட்டி வலி. என் சம்சாரம்தான், அதோ பின்னால உக்காந்துக்கினு இருக்கறாங்க. இந்த எண்ணெயக் காச்சி தெனம் தேச்சு வுட்டேன், ஒரு மாசம். வலி கம்மியாச்சு. எண்ணெயால கம்மியாச்சா, தேச்சதால கம்மியாச்சா, தானா கம்மியாச்சா, எனக்குத் தெரியாது சாமி. தெரியும்னு சொன்னா என் பொண்ணு வுட மாட்டா. எண்ணெய் எங்கிட்ட இருக்குது. தேச்சு வுடற ஆளு உங்க வூட்லதான் இருக்கணும். இருந்தா வாங்கிக்கினு போங்க. இல்லன்னா இந்த எண்ணெய் வேஸ்ட்டு."

கூட்டத்தில் ஒரு நடுத்தர வயசு அம்மாள் தன் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் நெளிந்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கணவரே குனிந்து ஒரு பாட்டிலை எடுத்தார். என் வீட்டுக்காரர் என் பக்கம் பார்க்காமல் தானும் ஒன்றை எடுத்தார். எனக்கு முட்டி வலியே கிடையாது.

எண்ணெய்க்காரர் எங்களை யாரையும் கவனிக்கவில்லை. பேசி முடித்ததும் திரும்பி, பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் தலையைச் சாய்த்தபடி இருந்தாள். பொட்டலத்திலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்தாள், உடைத்தாள், உள்ளே பார்த்தாள். எழுந்து, இரண்டு பருப்பையும் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

இத்தனை நாளாக அந்தப் பருப்புக்காகப் பேசிப் பேசி ஒன்றுகூட வாங்காதவள் நான், கூட்டத்தில் நின்று கைதட்டினேன். எதற்குத் தட்டுகிறேன் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் நாலு பேர் சேர்ந்து தட்டினார்கள். அவர் ஒரு பருப்பைப் பின்னால் நீட்டி மனைவியிடம் கொடுத்தார். இன்னொன்றை வாயில் போட்டு மென்றுகொண்டே அடுத்து வந்த ஜனத்தைக் கையசைத்துக் கூப்பிட்டார்.